கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

வாசகர் கேள்வி:

நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக வேலை செய்கிறேன். மூன்று வருடமாக எனக்குத் தொடர்ந்து வேலை தரும் நிறுவனம் ஒன்று இப்போது புதிய ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பக்கத்துக்கான கட்டணத்தில் கால் பங்கு குறைகிறது. அவசர வேலைக்கு இதுவரை தந்த கூடுதல் கட்டணமும் இனி கிடையாது. பதிலுக்கு 'நிறைய வேலை வரும்' என்கிறார்கள். மேலாளர் எழுதிய மடலில் 'இது நம் இருவருக்கும் வின்-வின்' என்று மூன்று இடத்தில் வருகிறது. படித்து முடித்ததும் எனக்கு ஏதோ பறிபோனது போலத்தான் இருந்தது. அந்தச் சொல்லை நான்தான் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறேனா? தமிழில் அதை எப்படிச் சொல்வது, 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' பொருந்துமா? உறவு கெடாமல் இவர்களுக்கு என்ன பதில் எழுதுவது?

பதில்:

அன்புள்ள மொழிபெயர்ப்பாளருக்கு,

நீங்கள் சொல்லைச் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறீர்கள். மடலைப் படித்ததும் வந்த அந்த உணர்வையும் நம்பலாம். இரண்டு தரப்புக்கு நடுவில் உட்கார்ந்து பேச்சு நடத்தித் தருவது என் தொழில். 'இது உங்களுக்கும் நல்லதுதான்' என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொல்வதைப் பல அறைகளில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டவர் முகத்தில் அந்த நல்லது தெரியாதபோதெல்லாம், கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதான் கடைசியில் தெரியவந்திருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் வின்-வின் என்பது பெரும்பாலும் பெயரடையாக வரும்: வின்-வின் தீர்வு, வின்-வின் ஒப்பந்தம், வின்-வின் நிலைமை. பேச்சில் தனியே நின்று பெயர்ச்சொல்லாகவும் வரும். ஒரு முடிவு சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்புக்கும் ஆதாயம் தருகிறது என்பதே பொருள். இதன் உறவுக்காரச் சொற்களும் உண்டு. ஒருவர் பெற்று மற்றவர் இழந்தால் வின்-லூஸ். இருவரும் இழந்தால் லூஸ்-லூஸ். எப்படித் திரும்பினாலும் நஷ்டம்தான் என்றால் நோ-வின்.

இந்தக் கூட்டத்தில் மூத்த சொல் ஸீரோ-சம். கணித அறிஞர் ஜான் வான் நாய்மனும் பொருளியல் அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும், ஒருவர் முடிவின் பலன் மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைமைகளைக் கணக்காக ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டை 1944-இல் பெரிய நூலாக எழுதியபோது அது பரவலாகத் தெரியவந்தது. ஒருவருக்குக் கூடுவது அப்படியே மற்றவருக்குக் குறைந்தால், இரண்டையும் கூட்டும்போது பூஜ்யம் வரும். சதுரங்கம் அப்படிப்பட்டது. இரண்டு பேரும் ஜெயித்த சதுரங்க ஆட்டம் என்று ஒன்று இருக்க முடியாது. வாழ்க்கையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் சதுரங்கம் போல இருப்பதில்லை. 1965-இல் ரிச்சர்ட் வால்டன், ராபர்ட் மெக்கெர்ஸி என்ற இருவர் தொழிலாளர் பேச்சுவார்த்தைகளை ஆராய்ந்து, பேரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். இருப்பதைப் பங்கு போடும் பேரம் ஒன்று. இரு தரப்புத் தேவைகளையும் சேர்த்து வைத்துப் புதிதாக ஆதாயம் உண்டாக்கும் பேரம் இன்னொன்று. வின்-வின் என்ற சொல்லுக்கு உரிய இடம் இரண்டாவதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' இதற்குப் பொருந்தாது. கல் எறிந்தவர் ஒருவர், இரண்டு மாங்காயும் அவருக்கே. ஒரு செயலால் ஒருவருக்கே இரண்டு ஆதாயம் கிடைப்பதைச் சொல்லும் பழமொழி அது. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 'வேலை கிடைத்தால் சம்பளம், கிடைக்காவிட்டால் ஓய்வு, எனக்கு வின்-வின்' என்று ஒருவர் தன்னை மட்டும் வைத்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சுவழக்கில் அது ஓடுகிறது. ஆனால் மொழிபெயர்க்கும்போது கவனமாக இருங்கள். எத்தனை தரப்பு என்று முதலில் எண்ணிவிட்டு, ஒரு தரப்புதான் என்றால் 'எப்படியும் நஷ்டமில்லை' என்று எழுதுங்கள்.

'வெற்றி-வெற்றி' என்று அச்சில் பார்க்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. நம் மொழியில் வெற்றி என்றதுமே 'யாரை?' என்ற கேள்வி பின்னால் வந்துவிடுகிறது. தோற்றவர் ஒருவர் இல்லாமல் அந்தச் சொல்லால் நிற்க முடியவில்லை. 'பரஸ்பர நன்மை' பொருளில் சரி, ஆனால் அறிக்கை வாசிப்பது போல இருக்கும். 'இரு தரப்புக்கும் ஆதாயம்' எழுத்துக்கு நன்றாக வரும். என்னைக் கேட்டால் இதற்கு நெருக்கமான சொல் பேச்சிலேயே இருக்கிறது: 'ரெண்டு பேருக்கும் கட்டுப்படியாகும்.'

இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'எனக்குக் கட்டுப்படியாகாது' என்று ஒருவர் சொன்னால் நாம் அவரோடு வாதாடுவதில்லை. செலவு அவருடையது, உழைப்பு அவருடையது, எனவே கணக்கும் அவருடையது. வேண்டுமானால் கொஞ்சம் ஏற்றித் தரலாம், இல்லையென்றால் நகர்ந்துவிடலாம். 'உங்களுக்குக் கட்டுப்படியாகும்' என்று அடுத்தவர் அடித்துச் சொன்னால் காதுக்கே உறுத்துகிறது, இல்லையா? உங்கள் மேலாளர் செய்தது அதுதான். தன் தரப்பின் கணக்கைப் போட்டுவிட்டு, உங்கள் கணக்குக்கும் அவரே விடை எழுதிவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சொல் அலுவலகங்களில் வணக்கம் போல ஆகிவிட்டது.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். தொழிலைப் பிரித்துக்கொள்ள வந்த இரண்டு பங்குதாரர்கள். ஒருவருக்கு இயந்திரங்கள், மற்றவருக்கு வாடிக்கையாளர்கள் என்று மிக அழகாகப் பிரிந்தது. உற்சாகத்தில் நானே 'இது வின்-வின்' என்று சொல்லிவிட்டேன். ஒருவர் அமைதியாகக் கையெழுத்துப் போட்டார். சில மாதத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். அந்த அமைதியானவருக்கு வேண்டியிருந்தது நிறுவனத்தின் பெயர். ஆரம்பத்தில் அதைச் சூட்டியவரே அவர்தான். அது மற்றவரிடம் போனதை அவரால் தாங்க முடியவில்லை. நான் அவரைக் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நானாக வாயெடுத்துச் சொல்வதில்லை. எதிரில் இருப்பவர்களில் ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் பதில் கடிதம் அதில்தான் நிற்கப் போகிறது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதியில் சந்திப்பது சமரசம். அதுவும் வின்-வின்னும் வேறு வேறு. மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1920-களிலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்திருந்தால் சமரசம். மற்றவருக்குக் காற்று போதாது, ஃபாலெட்டுக்கு வாடைக்காற்று நிற்காது. அவர்கள் செய்தது வேறு: ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, இவர் மேல் வாடை நேராக அடிக்கவில்லை. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மூடிய அறை தனக்கு வேண்டியிருக்கவில்லை, வாடைக்காற்று நேராக மேலே படாமல் இருந்தால் போதும் என்பதுதான் தன் தேவை என்று ஃபாலெட் விளக்குகிறார். 'என்ன வேண்டும்' என்ற கேள்வியோடு நின்றிருந்தால் ஜன்னல் சண்டைதான் மிஞ்சியிருக்கும். 'எதற்காக வேண்டும்' என்று கேட்டபோது பக்கத்து அறை கண்ணில் பட்டது.

இது சின்ன அறைக்கு மட்டும் பொருந்துவது இல்லை. 1967 போரில் எகிப்தின் சினாய் தீபகற்பத்தை இஸ்ரேல் பிடித்துக்கொண்டது. 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும் 13 நாள் பேசின. வரைபடத்தில் எங்கே கோடு கிழித்தாலும் ஒருவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எகிப்துக்குத் தன் மண் முழுசாக வேண்டும். இஸ்ரேலுக்கு எல்லையை ஒட்டி எகிப்தின் டாங்கிகள் நிற்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு தேவைகள். சினாய் முழுவதும் எகிப்துக்குத் திரும்பியது, அதன் பெரும்பகுதியில் எகிப்தியப் படைக்குக் கடுமையான வரம்பு வைக்கப்பட்டது. 1982 ஏப்ரலில், தாபா என்ற சிறு பகுதி தவிர, இஸ்ரேல் வெளியேறி முடித்தது; தாபா 1989-இல் திரும்பியது.

ஆனால் அந்த மேசையில் பாலஸ்தீனர்கள் இல்லை. அவர்கள் எதிர்காலத்தைப் பற்றியும் அங்கே எழுதினார்கள், அது தீரவில்லை. வின்-வின் என்ற சொல்லைக் கேட்கும்போது மேசையில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். போட்டி நிறுவனங்கள் இரண்டு ரகசியமாகக் கூடி விலையை உயர்த்தினால் இரண்டுக்கும் ஆதாயம்தான், வாங்குபவர் தலையில் விழுகிறது. உங்கள் விஷயத்தில் மேசையில் இல்லாதவர், நீங்கள் மொழிபெயர்த்ததைப் படிக்கப் போகிறவர். அவசர வேலையெல்லாம் சாதாரணக் கட்டணத்தில் வந்து குவிந்தால், ஒருமுறை கூடுதலாகப் படித்துத் திருத்த நேரம் இருக்காது. அந்த நஷ்டம் அவரிடம் போய்ச் சேரும். பிறகு புகாராக நிறுவனத்துக்கே திரும்பி வரும்.

இப்போது உங்கள் கணக்கு. உங்கள் எண்கள் எனக்குத் தெரியாது, ஒரு மாதிரிக்குப் போட்டுக் காட்டுகிறேன். பக்கத்துக்கு 100, நாளுக்கு 6 பக்கம், மாதம் 15 நாள் இவர்களுடைய வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பக்கம், வருமானம் 9,000. கட்டணம் 75 ஆனால் அதே 9,000-க்கு 120 பக்கம் செய்ய வேண்டும், அதாவது 20 நாள். கால் பங்கு குறைப்பை ஈடுகட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு. 121-ஆவது பக்கத்தில் இருந்துதான் உங்கள் கைக்குக் கூடுதலாக ஏதாவது வரும். மாதம் 25 நாளும் இவர்களுக்கே உழைத்து 150 பக்கம் முடித்தால் 11,250. பழைய வருமானத்தைவிட 2,250 அதிகம், அதற்கு 10 நாள் அதிக வேலை. அந்தப் பத்து நாளும் இப்போது சும்மா கிடக்கிறது என்றால் இதில் கொஞ்சம் ஆதாயம் இருக்கலாம். அந்த நாட்களில் வேறு வாடிக்கையாளருக்கு 100 வீதம் 60 பக்கம் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றால், 2,250-க்காக 6,000-ஐ விடுகிறீர்கள்.

ஆதாயம் என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும்: இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் என் நிலைமை என்ன? பேச்சு முறிந்தால் கையில் இருக்கும் அடுத்த நல்ல வழி எது என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதை 1981-இல் பேச்சுவார்த்தை பற்றிய தங்கள் நூலில் ராஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் அழுத்தமாக எழுதினார்கள். எங்கள் தொழிலில் இன்றும் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த வழியைவிட மேலாக இருந்தால் கட்டுப்படியாகும், கீழாக இருந்தால் ஆகாது. மேலாளர் மடலில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் இந்த அளவு மாறாது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்களுடைய ஆதாயம் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது: கால் பங்கு. உங்களுடையது 'வரும்' என்ற ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது, அதுவும் எதிர்காலத்தில். நீங்கள் மொழியோடு வாழ்கிறவர், இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், கட்டணத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது சதுரங்கம் ஆகிவிடும். உங்களுக்கு ஐந்து கூடினால் அவர்களுக்கு ஐந்து குறையும். இரு தரப்புக்கும் ஆதாயம் வர வேண்டுமானால் மேசையில் வேறு விஷயங்களும் வந்தாக வேண்டும், அதிலும் ஒருவருக்குப் பெரிதாகவும் மற்றவருக்குச் சின்னதாகவும் இருக்கும் விஷயங்கள். பணம் 60 நாளில் வருவதற்குப் பதில் 10 நாளில் வந்தால் உங்கள் மாதம் நிம்மதியாகப் போகும், அவர்களுக்கு அது ஒரு நடைமுறை மாற்றம். மூன்று வருடமாக நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கலைச்சொல் பட்டியலைத் தருவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை, பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் அவர்களுக்கு அது பெரிய உதவி. வாரத்தில் இரண்டு நாளை அவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பது, கோப்பு எந்த வடிவத்தில் வரும், திருத்தம் எத்தனை சுற்று, வேலையைப் பாதியில் நிறுத்தினால் என்ன, மொழிபெயர்ப்பாளர் பெயர் போடுவார்களா... இப்படி யோசித்தால் இன்னும் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர்கள் எதற்காகக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பது. செலவு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதுதான் அவர்கள் தலைவலி என்றால், நிலையான மாதத் தொகை அதைத் தீர்க்கலாம். அவசரக் கட்டணம்தான் உறுத்துகிறது என்றால், வேலையை இரண்டு நாள் முன்னதாக அனுப்ப முடியுமா என்று பாருங்கள். மொத்தச் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு என்றால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது. அப்போது இங்கே பக்கத்து அறை ஜன்னல் இல்லாமலும் போகலாம்.

நிறைய வேலை வரும் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினால், அந்த நம்பிக்கையையே ஒப்பந்தமாக்கலாம். மாதம் முதல் 90 பக்கத்துக்குப் பழைய கட்டணம், அதற்கு மேல் போகும் பக்கங்களுக்கு 75. சொன்னபடி 150 பக்கம் வந்தால் உங்களுக்கு 13,500. அவர்களுக்குச் சராசரியாகப் பக்கம் 90-க்கு முடிகிறது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். வேலை வராவிட்டால் யாருக்கும் எதுவும் மாறவில்லை. நடக்கும் என்று நினைக்கிறவர் இதை மறுக்கக் காரணம் குறைவு. மறுத்தால் 'வரும்' என்ற அந்தச் சொல்லின் எடை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உறவு கெடுமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, மூன்று வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அரசியல் அறிஞர், திரும்பத் திரும்பச் சந்திக்கும் இருவர் எப்படி நடந்துகொண்டால் நல்லது என்று பார்க்கக் கணினி நிரல்களுக்குள் போட்டி வைத்தார். இரண்டு முறை நடத்தினார், இரண்டு முறையும் அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்தான் மொத்தத்தில் முதலிடம். முதலில் அது ஒத்துழைக்கும். பிறகு எதிராளி போன தடவை செய்ததையே திருப்பிச் செய்யும். அவர் மாறினால் இதுவும் உடனே மாறிவிடும், வன்மம் வைத்துக்கொள்ளாது. இதில் என்னை எப்போதும் நெகிழ வைப்பது ஒன்று உண்டு. அந்த நிரல் தனித்தனி ஆட்டங்களில் தன் எதிராளியைவிட ஒரு புள்ளிகூட அதிகம் எடுத்ததில்லை, அதன் அமைப்பே அப்படி. யாரையும் முந்தாமல் மொத்தத்தில் முதலாவதாக வந்தது. அதே சமயம், ஏமாற்றினால் பேசாமல் இருக்கவும் இல்லை. நீங்கள் மறுமொழி சொல்வது உறவைக் கெடுக்காது. சொல்லாமல் கையெழுத்துப் போட்டு, உள்ளுக்குள் புழுங்கி, ஆறாவது மாதம் வேலையின் தரம் குறைவதுதான் கெடுக்கும்.

வின்-வின்னை அலுவலகம்தோறும் கொண்டு போய்ச் சேர்த்ததில் 1989-இல் வெளிவந்த ஸ்டீபன் கோவியின் நிர்வாக நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. இருவருக்கும் ஆதாயம் வர வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தமே வேண்டாம் என்று அவர் இரண்டையும் சேர்த்தே எழுதினார். முதல் பாதிதான் ஊரெல்லாம் பரவியது. இரண்டாவது பாதியும் உங்கள் கையில் இருக்கிறது. எதுவும் ஒத்துவராவிட்டால், பழைய கட்டணத்தில் வரும் வேலையை மட்டும் செய்துகொண்டு, புதியதை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லலாம்.

பதில் கடிதத்தில் வின்-வின் என்ற சொல்லை நீங்கள் எடுக்காதீர்கள், அவர் எழுதியதற்குக் குறையும் சொல்லாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். புதிய ஒப்பந்தத்தைப் படித்தேன். தொடர்ந்து உங்களோடு வேலை செய்ய விரும்புகிறேன். என் வேலை நாட்களை வைத்துக் கணக்குப் பார்த்தேன், இந்தக் கட்டணத்தில் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நீங்கள் எதற்காக இந்த மாற்றத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்று தெரிந்தால், அதற்கு ஏற்றபடி சில யோசனைகள் சொல்ல முடியும். உதாரணமாக, மாதம் 90 பக்கம் வரை இப்போதைய கட்டணமும் அதற்கு மேல் குறைந்த கட்டணமும் வைத்துக்கொள்ளலாம். அவசர வேலை பற்றியும், பணம் வரும் நாள் பற்றியும் பேச வேண்டும். இந்த வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?"

90 என்பது என் மாதிரி எண். அனுப்புவதற்கு முன்னால் கடந்த ஆறு மாதத்தில் இவர்களுக்கு எத்தனை பக்கம் செய்தீர்கள், அதில் எத்தனை அவசரம், எத்தனை நாள் வேலை இல்லாமல் இருந்தீர்கள் என்று எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள்.